அரை மணிக் கணக்கும் மூன்று நாள் வெள்ளமும்

(வடகிழக்குப் பருவமழைக்கு முன் மயிலாப்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கும் சென்னை மழைக்கும் பகை இன்று தொடங்கியதில்லை. 1895ஆம் ஆண்டு மே மாதம் மதராஸ் தெருவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். கல்கத்தாவும் பம்பாயும் அதைப் பார்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மதராஸ் டிராமுக்கு ஆரம்பத்தில் தலைக்கு மேல் கம்பி கிடையாது. தெருவுக்குள் ஒரு வாய்க்கால் வெட்டி, அதில் மின்கடத்தியைப் பதித்து, மேலே ஒரு சிறு பிளவு மட்டும் விட்டிருந்தார்கள். வண்டியின் வயிற்றிலிருந்து இறங்கிய ஒரு கை அந்தப் பிளவுக்குள் நுழைந்து மின்சாரத்தை வாங்கிக்கொண்டது. பார்வைக்குத் துப்புரவான ஏற்பாடு. ஐப்பசி பிறந்தது, மழை கொட்டியது, பிளவு வழியாகத் தண்ணீர் இறங்கியது. சில மழைக்காலங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு வாய்க்காலைக் கைவிட்டுத் தலைக்கு மேல் கம்பி இழுத்தார்கள். 1953இல் டிராம் நின்றுபோகும்வரை அந்தக் கம்பிதான் ஓட்டியது.

அந்தப் பொறியாளர்கள் எதிர்கொண்ட கேள்வியே இப்போது தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு அடுக்ககங்களின் சங்கக் கூட்டங்களில் எழுகிறது. "கீழே பார்க்கிங்கில் ரெண்டு எலெக்ட்ரிக் கார் நிக்குது. மழைத் தண்ணி உள்ளே வந்தா அந்தத் தண்ணியிலே கரண்ட் பாயுமா? குழந்தைங்க கால் வச்சா என்ன ஆகும்?" இந்தக் கேள்வியைக் கேட்பவரை அறியாதவர் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. 2015 டிசம்பரைப் பார்த்த ஊர் இது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்ட தண்ணீர், கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீட்டுக்குள் புகுந்த அடையாறு. எட்டு ஆண்டு கழித்து 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. நகரின் பல இடங்களில் மழை 40 சென்டிமீட்டரைத் தாண்டியது. பள்ளிக்கரணையில் ஓர் அடுக்ககத்தின் வாசலிலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்துபோன காட்சியைக் கைப்பேசியில் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க முடியாது.

அந்தக் காட்சியின் விளைவு 2024 அக்டோபரில் தெரிந்தது. கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை எடுத்துக்கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரமாக வரிசையாக நிறுத்திவிட்டார்கள். போலீசார் அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது, அப்படி எதுவும் இல்லை என்று காவல்துறை விளக்கம் தந்தது. அந்த வரிசையில் பெட்ரோல் கார்களோடு மின்சாரக் கார்களும் கலந்து நின்றன. இரண்டையும் மேட்டில் ஏற்றிய முடிவு சரியானது. ஆனால் காரணங்கள் வேறு வேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம், எப்போது பயப்பட வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகும்.

முதலில் ஷாக்.

வீட்டு மின்சாரம் மனிதரை ஏன் அடிக்கிறது? தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் கம்பியை மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். எனவே பூமியே ஒரு திரும்பும் பாதையாகிவிடுகிறது. ஃபேஸ் கம்பியை ஒரு கை தொட்டால், ஈரத்தரையில் நிற்கும் கால் வழியாக மண்ணுக்கும், மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்கும் மின்சாரம் திரும்பிப் போகிறது. சுற்று முழுமையாகிறது, நடுவில் நிற்கும் உடம்பு அதன் ஒரு துண்டாகிவிடுகிறது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆகாததற்கும் இதுவே காரணம். அதன் கால் மண்ணைத் தொடவில்லை.

மின்சாரக் காரின் பேட்டரி அந்தக் காக்கையின் நிலையில் இருக்கிறது. சாதாரணக் காரில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் மைனஸ் முனையைக் காரின் உடலோடு சேர்த்திருப்பார்கள். ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பேட்டரி 300, 400 வோல்ட் வலிமையுடையது. அதன் பிளஸ், மைனஸ் இரண்டையும் காரின் உடலிலிருந்தும் பூமியிலிருந்தும் முழுக்கப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். அது தனித் தீவு. அங்கிருந்து கிளம்பும் மின்சாரம் அதே பேட்டரியின் மறுமுனைக்கே திரும்பியாக வேண்டும். தெருவில் நிற்பவரின் கால் வழியாக மண்ணுக்குள் இறங்கி எங்கும் போய்விட அதற்கு வழி இல்லை. பேட்டரிக்குள்ளேயே தண்ணீர் புகுந்து இரண்டு முனைகளையும் நனைத்தால்கூட, மின்சாரம் அந்த இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள சில அங்குலத் தண்ணீரில்தான் ஓடும். பத்தடி தள்ளி நிற்பவர் அந்தப் பாதையில் இல்லை.

இந்தப் பிரிவினை கெடாமல் இருக்கிறதா என்று கார் தன்னைத்தானே ஓயாமல் சோதித்துக்கொள்கிறது. உலகத் தரவிதிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. மோட்டார் பக்கத்து மாறுமின்னோட்டமும் சேர்ந்த சுற்றில், ஒவ்வொரு வோல்ட்டுக்கும் குறைந்தது 500 ஓம் மின்தடை காப்பில் இருக்க வேண்டும். 400 வோல்ட் காருக்கு அது 2 லட்சம் ஓம். நானூறை இரண்டு லட்சத்தால் வகுத்தால் ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 2 மில்லி ஆம்பியர். விரலில் சுருக்கென்று தெரியலாம், அவ்வளவுதான். பிடித்த கையை விடமுடியாமல் போகச் சுமார் 10 மில்லி ஆம்பியராவது வேண்டும். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவுத் துண்டிப்பான், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுகிறது. காப்பு இந்த அளவுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் ஓட்டுநருக்கு முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும்.

இன்னொரு பூட்டும் உண்டு. காரை அணைத்ததும் பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் கான்டாக்டர்கள், அதாவது கனமான ரிலே சுவிட்சுகள், தாமாகத் திறந்துகொள்கின்றன. விபத்தில் காற்றுப்பை விரிந்தாலும் திறக்கின்றன. அவற்றைப் பிடித்து வைப்பதற்கே 12 வோல்ட் மின்சாரம் தேவை, அது போனால் பிடி போய்விடும். அதன்பின் உயர் வோல்ட் அந்தப் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும், வெளியே ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் இருக்காது. ஆரஞ்சு நிறம் உலகம் முழுக்க ஒரே அறிவிப்பு. தெரியாதவர் தொட வேண்டாம் என்று பொருள்.

ஆகவே சங்கக் கூட்டத்துக் கேள்விக்கு விடை இது: சார்ஜரில் சொருகாமல் நிற்கும், பேட்டரி உடைபடாத மின்சாரக் கார், சுற்றியிருக்கும் தண்ணீரில் கரண்டைப் பாய்ச்சாது. பள்ளியில் சோடியம் துண்டைத் தண்ணீரில் போட்டு ஆசிரியர் தீப்பிழம்பு காட்டியதை நினைத்துக்கொண்டு, லித்தியமும் அப்படித்தானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சோடியத்தின் தம்பி லித்தியம். ஆனால் காரின் செல்லுக்குள் லித்தியம் உலோகத் துண்டாக இல்லை. கிராஃபைட்டுக்கும் உலோகச் சேர்மத்துக்கும் இடையில் போய்வரும் அயனியாக இருக்கிறது, அதுவும் மூடி முத்திரையிட்ட உறைக்குள். நெதர்லாந்தில் பிரெடா நகரத் தீயணைப்பு வீரர்கள் 2019இல் தீப்பிடித்த ஒரு பி.எம்.டபிள்யூ ஹைபிரிட் காரைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். அதைக் குளிர்வித்து அடக்க அதுவே வழியாக இருந்தது. பேட்டரித் தீக்கு இன்றுவரை தண்ணீர்தான் மருந்து, ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர்.

இதோடு முடிந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். முடியவில்லை.

பேட்டரிப் பெட்டியின் மேல் ஐபி67 என்று போட்டிருக்கும். விளம்பரங்களில் அது தண்ணீர் புகாது என்ற வாக்குறுதியாகத் தோன்றுகிறது. அந்த எண்களின் பொருள் மிகக் குறுகியது. ஆறு என்றால் தூசி புகாது. ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் தாங்கும். அரை மணி நேரம். அதற்கு மேல் தாங்கலாம், தாங்காமலும் போகலாம், அந்தச் சோதனை அதைக் கேட்கவில்லை. ஓடும் காருக்கு ஐ.நா.வின் வாகன விதி 100 வைத்திருக்கும் தண்ணீர்ச் சோதனை இன்னும் எளிமையானது: பத்து சென்டிமீட்டர் தண்ணீரில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், 500 மீட்டர் தூரம். கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒன்றரை நிமிடப் பயணம். இந்தியாவில் கார்களுக்கான ஏஐஎஸ்-038 தரவிதியும் அந்த விதியை ஒட்டி எழுதப்பட்டதுதான். வேலூரில் மின் ஸ்கூட்டர் சார்ஜில் இருந்தபோது பற்றிய தீயில் தந்தையும் மகளும் இறந்த 2022ஆம் ஆண்டில், நாட்டின் பேட்டரித் தரவிதிகளைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். அது நடந்தாக வேண்டிய வேலை. ஆனாலும் எந்த விதியிலும் வேளச்சேரி இல்லை. மிக்ஜாமின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அரை மணிக்குச் சோதித்த பெட்டி மூன்று நாள் சாக்கடை கலந்த நீரில் கிடந்தால் என்ன ஆகும் என்பதே சென்னைக்கு உரிய கேள்வி.

பெட்டி முற்றிலும் அடைத்த பாத்திரமும் அல்ல. ஓடும்போது சூடேறும், நின்றால் ஆறும். உள்ளே காற்று விரிந்து சுருங்குவதால் அது மூச்சுவிட ஒரு சிறு துளை வேண்டும். காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு ஒன்றை அந்தத் துளையில் பொருத்தியிருப்பார்கள். சூடான பேட்டரியோடு வந்த கார் குளிர்ந்த வெள்ளத்தில் நின்றால் உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து, தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். புதுச் சவ்வு தடுத்துவிடும். ஐந்தாறு கோடையைக் கண்ட ரப்பர் விளிம்பும், வேகத்தடைகளில் பலமுறை அடிவாங்கிய பெட்டியும் அதே உறுதியோடு இருக்கும் என்று யாராலும் கையெழுத்துப் போட முடியாது. ஸ்டில்ட் பார்க்கிங் சரிவில் வயிறு உரசிய காரை உடனே ரேம்ப் மேல் ஏற்றிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றே எதுவும் நடக்காமல் போகலாம். செப்புப் பட்டைகளுக்கு இடையில் மெல்லிய கசிவு ஓடும். மின்னாற்பகுப்பில் ஹைட்ரஜன் குமிழியிடும். உலோகம் அரிக்கும். பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட் பலகையில் பச்சை பூக்கும். பிறகு தண்ணீர் வடிகிறது, வெயில் வருகிறது, ஈரம் காய்கிறது. கரைந்திருந்த உப்பு மட்டும் காயாமல் படிவாகத் தங்கிவிடுகிறது. அந்தப் படிவு மின்சாரத்துக்கு ஒரு பாலம். நான்கு நாள் கழித்தோ இரண்டு வாரம் கழித்தோ ஒரு செல் சூடேறி, அது பக்கத்துச் செல்லைச் சூடேற்றி, அது அதற்கடுத்ததைச் சூடேற்றி, யாரும் தொடாமல் நிற்கும் கார் நள்ளிரவில் புகையத் தொடங்கலாம்.

இது கற்பனைக் கதை இல்லை. 2012 அக்டோபரில் சாண்டி சூறாவளி அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையைத் தாக்கியபோது, நியூவார்க் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த பிஸ்கர் கர்மா கார்கள் கடல்நீரில் மூழ்கின. 16 கார்கள் எரிந்தன. பெரிய பேட்டரிதான் காரணம் என்று உலகம் பேசியது. நிறுவனம் ஆராய்ந்து சொன்னது வேறு: 12 வோல்ட் சுற்றோடு இணைந்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் கடல் உப்பு படிந்து ஷார்ட் ஆனதில் முதல் கார் பற்றியது, பலத்த காற்று தீயை மற்றவற்றுக்குக் கொண்டுபோனது. எந்தக் காரிலும் இருக்கும் சாதாரண 12 வோல்ட்.

பெரிய பேட்டரியின் முறை பத்து ஆண்டு கழித்து வந்தது. 2022 செப்டம்பர் இறுதியில் இயன் சூறாவளி புளோரிடாவின் மேற்குக் கரையைக் கடல்நீரில் மூழ்கடித்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பிறகு தந்த கணக்கின்படி, வெள்ளத்தில் சிக்கிய மின்சார வாகனங்கள் 3,000 முதல் 5,000 வரை, அவற்றில் தீப்பிடித்தவை ஏறத்தாழ 36. நூற்றுக்கு ஒன்று என்ற அளவு. பெரும்பாலான கார்கள் எரியவில்லை என்று அதைப் படிக்கலாம், அது உண்மை. எரிந்தவற்றில் சில, இழுவை வண்டியில் ஏற்றிப் போகும்போதே பற்றின என்பதையும் படிக்க வேண்டும். இப்படி மூழ்கிய காரைக் கட்டடங்களிலிருந்தும் பிற வாகனங்களிலிருந்தும் 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்பது அங்கே தரும் அறிவுரை.

புளோரிடா உப்பு சென்னைக்கு எவ்வளவு பொருந்தும்? கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மழைநீரைவிட அது பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். சென்னையைச் சூழும் வெள்ளம் பெரும்பாலும் மழையும் சாக்கடையும் கலந்தது. அது ஆறுதல்தான். இங்கே விற்கும் மின்சாரக் கார்கள் பலவற்றில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் இருக்கின்றன. நிக்கல் கலந்த செல்களைவிட அவை சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். அதுவும் ஆறுதல். ஆனால் மயிலாப்பூரும் அடையாறும் கடலின் மடியில் இருக்கின்றன. திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயும், பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் கலக்கும் அடையாறும் ஓத நேரத்தில் பின்னோக்கி ஏறுபவை. மிக்ஜாம் அன்று கொந்தளித்த கடல் ஆற்றை உள்வாங்க மறுத்ததும் நகரத்துத் தண்ணீர் வடியாமல் நின்றதற்கு ஒரு காரணம். சாந்தோம், ஃபோர்ஷோர் எஸ்டேட், பெசன்ட் நகர் பகுதியில் மூழ்கிய காரை, அசோக் நகரில் மூழ்கிய காரைப் போல நடத்த முடியாது. சர்வீஸ் சென்டருக்குச் சொல்லும்போது கார் எந்தத் தெருவில் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

தியாகராய நகருக்கு வேறு ஒரு வரலாறு. அது ஏரிக்குள் எழுந்த ஊர். மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம்வரை வளைந்து கிடந்த நீண்ட ஏரியை 1920களில் வற்றவைத்து, பிட்டி தியாகராயரின் பெயரில் நகர் அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. 2021 நவம்பரில் ஜி.என். செட்டி சாலையும் அதைச் சுற்றிய தெருக்களும் மூழ்கியபோது தண்ணீர் தன் பழைய முகவரிக்குத்தான் வந்திருந்தது. துரைசாமி சுரங்கப்பாதை ஒவ்வொரு பெருமழையிலும் நிரம்புகிறது. அதற்குள் காரை இறக்குபவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினுக்கு மூச்சுக் காற்று வேண்டும். காற்றுக்குழாயில் தண்ணீர் ஏறினால் எஞ்சின் உடைந்து நின்றுவிடும். மின்சார மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. தேங்கிய தண்ணீரில் மற்ற கார்கள் இருமிக்கொண்டு நிற்கையில் மின்சாரக் கார் சத்தமில்லாமல் கடந்துபோகும். பலருக்கு இது பெருமை, அந்தப் பெருமையில் அடுத்த தெருவிலும் இறங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நான்கு மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள கார் தன் தரைத்தட்டுக்கு மேல் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் தண்ணீருக்கும் ஏறத்தாழ 700 கிலோ தண்ணீரை விலக்குகிறது. 1,500 கிலோ கார் தரைத்தட்டுக்கு மேல் இருபது சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியதும் தன் எடையை இழந்து மிதக்கத் தொடங்கும். தரைத்தட்டே தெருவிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. கூட்டினால் முழங்கால் அளவு. பேட்டரியின் கனம் காரைத் தரையில் அழுத்திப் பிடிக்கும் என்பவர்களுக்கு: கூடுதலாக 300 கிலோ இருந்தால் மிதக்கும் மட்டம் நான்கு சென்டிமீட்டர்தான் உயரும். பள்ளிக்கரணையில் மிதந்தவை பொம்மைக் கார்கள் இல்லை.

மிதந்த கார் கவிழும், சுவரில் மோதும், மூழ்கும். அப்போது உயிரை எடுப்பது மின்சாரம் இல்லை, தண்ணீர். ஜன்னல்களையும் கதவுப் பூட்டுகளையும் இயக்குவது 12 வோல்ட். அது அணைவதற்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியேற வேண்டும். கதவைத் திறக்கும் கைவழி நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதைக் கார் வாங்கிய அன்றே தேடி வைத்திருப்பது ஓட்டுநரின் கடமை. சில புதிய மாடல்களில், குறிப்பாகப் பின் இருக்கைக் கதவுகளில், அது கண்ணில் படாத இடத்தில் ஒளிந்திருக்கிறது.

இப்போது இந்த உரையின் நெஞ்சுக்கு வருகிறோம். சென்னை மழையில் மின்சாரத்தால் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள்? 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் தேங்கிய தண்ணீரில் கால் வைத்த இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸிலிருந்து வந்த மின்கம்பி அந்தத் தண்ணீருக்குள் கிடந்தது. 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில் விடியற்காலையில் வேலைக்குப் போன ஒரு தூய்மைப் பணியாளர், மண்ணுக்கடியில் பழுதான கேபிள் கசிந்த மழைநீரில் மிதித்து இறந்தார். முப்பது வயது. இவை இரண்டும் காக்கைக் கதையின் மறுபக்கம். தெரு மின்சாரத்துக்குப் பூமி திரும்பும் பாதை. கசிந்த இடத்தைச் சுற்றித் தண்ணீரிலும் ஈர மண்ணிலும் அதன் அழுத்தம் பரவிக் கிடக்கிறது, நடப்பவரின் இரண்டு காலுக்கும் நடுவில்கூட அது மின்சாரத்தை ஓட்டும். பார்க்கிங்கில் இரண்டு எலெக்ட்ரிக் கார் நிற்கிறதே என்று பயப்படும் அடுக்ககத்தில், ஈபி மீட்டர் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது? பல பழைய கட்டடங்களில் அதே பார்க்கிங்கில், இடுப்பு உயரத்தில். தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர், லிப்ட் குழியின் கம்பிகள், வாட்ச்மேன் அறையின் பிளக் எல்லாம் அதற்கும் கீழே.

மின்சாரக் கார் வந்தபிறகு இவற்றோடு இன்னொன்று சேர்ந்திருக்கிறது: சார்ஜிங் பிளக். தீவாக இருந்த கார் சார்ஜில் சொருகியதும் ஈபி கம்பியோடும் எர்த்தோடும் கட்டப்பட்டுவிடுகிறது. முறையாகப் பொருத்திய வால்பாக்ஸில், அதாவது சுவர் சார்ஜரில், ஒரு பாதுகாப்பு உண்டு. சார்ஜர் துப்பாக்கி காரோடு பேசி, கார் சரி என்று சொன்ன பிறகே அதில் மின்சாரம் வரும். கீழே தொங்கும் துப்பாக்கி உயிரற்றது. ஆனால் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இறக்கி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூணில் கட்டி, அதில் சொருகி சார்ஜ் செய்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எப்போதும் உயிரோடு இருக்கிறது. அதற்கு முன்னால் ஆர்சிசிபி இல்லை என்றால், எர்த் குழியில் வருடக்கணக்கில் யாரும் தண்ணீர்கூட ஊற்றவில்லை என்றால், மழைத் தண்ணீர் அந்தப் பெட்டியைத் தொடும்போது பார்க்கிங் முழுக்கவும் கொடுங்கையூர்தான். சார்ஜிங் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டாத கசிவுக் காப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதி சொல்கிறது. சில ஆயிரம் ரூபாய்ப் பொருள். பதினைந்து லட்சத்துக்குக் கார் வாங்கியவர் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

தண்ணீர் ஏறத் தொடங்கும் இரவில் யார் கீழே போகிறார்? "அண்ணே, கொஞ்சம் அந்த பிளக்கைப் பிடுங்கி விடுங்க" என்று மாடியிலிருந்து வாட்ச்மேனுக்குக் குரல் வரும். அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, வெறுங்கையால், ஈரச் சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்கப் போவார். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர், வெளியூர்க்காரர், அந்தச் சுவருக்குள் எந்தக் கம்பி எங்கே ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் மிதந்து வந்த காரைத் தள்ளுபவர்கள் தூய்மைப் பணியாளர்கள். மூன்றாம் நாள் அதைக் கொக்கி போட்டு இழுப்பவர் இழுவை வண்டிக்காரர். நான்காம் நாள் பானெட்டைத் திறப்பவர் கேரேஜ் பையன். மின்சாரக் காரின் பாதுகாப்பு என்று பேசும்போது காரின் சொந்தக்காரரைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். தண்ணீருக்குள் நிற்பவர்கள் இவர்கள். ஆரஞ்சு கேபிளைத் தொடாதே, மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதே, சார்ஜில் போடாதே, நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி தட்டையான வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் சக்கரம் சுழன்றால் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரம் உண்டாக்கும் என்ற சில வரிகளை இவர்களிடம் தமிழில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? சென்னை ஐ.ஐ.டி.யில் பேட்டரிப் பொறியியலுக்கு ஒரு மையம் இயங்குகிறது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2025 ஜூன் 30 முதல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தள மின்சாரப் பேருந்துகளை ஓட்டுகிறது, முதல் தவணையாக 120. இவ்வளவு அறிவும் முதலீடும் இருக்கும் ஊரில் வாட்ச்மேனுக்கான ஒரு மணி நேரப் பயிற்சிக்கு வழி இல்லாமல் போகாது.

மூழ்கிய காரைச் சுற்றி வேண்டிய ஐம்பது அடி இடைவெளிக்கு மட்டும் சுலபமான விடை கிடையாது. ரங்கநாதன் தெருவைச் சுற்றிய சந்துகளில் ஐம்பது அடியில் மூன்று வீடுகள் முடிந்துவிடும். வெள்ளத்தில் கிடந்த மின்சாரக் காரை ஸ்டில்ட் பார்க்கிங்கிலேயே, நான்கு மாடிக் குடும்பங்களின் படுக்கையறைகளுக்குக் கீழே, இன்சூரன்ஸ் ஆள் வரட்டும் என்று இரண்டு வாரம் வைத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து. மாநகராட்சி தன் விளையாட்டுத் திடல்களில் ஒன்றிரண்டையாவது மழைக்குப் பிந்தைய வாரங்களுக்கு இதற்கென ஒதுக்க வேண்டும். அதுவரை அடுக்ககச் சங்கங்கள் திறந்த வெளியுள்ள பள்ளியையோ கோயில் நிலத்தையோ முன்கூட்டியே பேசி வைக்கலாம். சீறும் சத்தம், இனிப்பான ரசாயன நெடி, தரையோடு தவழும் வெண்புகை, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் கிட்டே போகாமல் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு கலந்திருக்கலாம், ஒரு மூச்சும் இழுக்கக் கூடாது. தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலோ, பில்லர் பாக்ஸ் மூழ்கினாலோ மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண் இரவு பகல் எந்நேரமும் எடுக்கும்.

கோட்டூர்புரத்திலும் மேற்கு மாம்பலத்திலும் பழைய சுற்றுச்சுவர்களில் 2015 வெள்ளம் விட்ட கறை இன்னும் சில இடங்களில் தெரிகிறது. அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டடி உயரத்தில் ஓர் ஆணி அடித்து, சார்ஜிங் பாயின்டும் மீட்டர் பலகையும் அதற்குக் கீழே வரக்கூடாது என்று சங்கம் தீர்மானம் போடலாம். சார்ஜிங் இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அணைக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை முதல் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் வைக்கலாம். எலெக்ட்ரீஷியனுக்கு அது ஒரு நாள் வேலை. மழை கொட்டும் இரவில் வாட்ச்மேன் தண்ணீரில் கால் வைக்காமல், காய்ந்த படியில் நின்றுகொண்டு அதைக் கீழே தள்ளிவிட்டு வரலாம்.